டிகிரி வாங்கிய பிள்ளையிடம் என்ன இருக்க வேண்டும்?

வாசகி கேள்வி, மே 19

மூத்தவன் மெக்கானிக்கல் முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. நாலு இடத்துக்குப் போய்வந்தான், எங்கேயும் நிலைக்கவில்லை. அவன் அப்பாவோடு கடலுக்கும் போகமாட்டேன் என்கிறான். இளையவன் இந்த வருஷம் பிளஸ் டூவில் 480 வாங்கியிருக்கிறான். பி.எஸ்ஸி. சேரப்போகிறான். யாரைக் கேட்டாலும் "மார்க் போதாது, திறமையை வளர்த்துக்கணும்" என்கிறார்கள். என்ன திறமை என்று கேட்டால் ஒருத்தரும் சொல்லவில்லை. மூன்று வருஷத்தில் ஒரு பிள்ளைக்கு என்னதான் வர வேண்டும்? (தொண்டிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா)

மே 19, இரவு

அக்கா, முதலில் சுருக்கமாகச் சொல்கிறேன், அப்புறம் விளக்குகிறேன். கண்ணால் பார்த்ததைப் பார்த்தபடியே எழுதத் தெரிய வேண்டும். எழுதியதை நாலு பேர் முன்னால் நின்று சொல்லத் தெரிய வேண்டும். யாராவது "இது சரியில்லை" என்றால் முகம் சுருங்காமல் திரும்பப் போய்ப் பார்க்கத் தெரிய வேண்டும். இது வந்துவிட்டால் எந்த டிகிரியானாலும் பிள்ளை பிழைத்துக்கொள்வான். வராவிட்டால் தங்கப் பதக்கம் வாங்கினாலும் தடுமாறுவான்.

நான் மண்டபம் பக்கம் ஒரு நண்டுக் கம்பெனியில் தரம் பார்க்கும் பொறுப்பில் இருக்கிறேன். டிகிரி முடித்த பிள்ளைகளை வேலைக்கு எடுப்பதும் பழக்குவதும் என் தலையில்தான். அந்த அனுபவத்தில்தான் இதைச் சொல்கிறேன்.

மே 20

நேற்று எழுதியது பொத்தாம்பொதுவாக இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம்தான். நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

நாட்டுப்படகில் வரும் நண்டை அவித்து, பெண்கள் உட்கார்ந்து சதை எடுத்து, ரகம் பிரித்து, ஐஸில் வைத்து டின்னில் அடைக்கும் ஆலைக்கு அனுப்புவோம். அந்த டின்கள் வெளிநாட்டுக்குப் போகின்றன. அவித்த சதை சூடேறினால் கிருமி பெருகும். அதனால் குளிர் அறை 4 டிகிரியைத் தாண்டக் கூடாது, மணிக்கு ஒரு தடவை தெர்மாமீட்டரைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. எட்டாவது படித்தவர்கூடச் செய்யலாம்.

பி.எஸ்ஸி. முடித்த ஒரு பையனை ராத்திரி ஷிஃப்டில் போட்டிருந்தோம். நல்ல பையன், மரியாதையானவன், நேரத்துக்கு வருவான். ஒரு ராத்திரி கரண்ட் போய், ஜெனரேட்டர் கிளம்பாமல் மக்கர் பண்ணி, விடியும்வரை எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். காலையில் நோட்டைப் பார்த்தேன். மணிக்கு மணி 2.5 என்று எழுதியிருந்தது, அழகான கையெழுத்தில். கரண்ட் இல்லாத நேரத்துக்கும் 2.5.

கூப்பிட்டுக் கேட்டேன். அவன் பயந்து மழுப்பவில்லை. "சார், காலேஜில் லேப் ரெக்கார்டு இப்படித்தான் எழுதுவோம். சரியான விடை என்னவோ அதை எழுதணும்" என்றான். நான் கேட்டது அறையின் சூடு. அவன் எழுதியது ஆசிரியருக்குப் பிடித்த விடை. அவனுக்கு இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

அன்று அந்த அறைச் சரக்கு முழுவதையும் ஒதுக்கி வைத்தோம். பணம் போனதைவிட அவன் சொன்ன பதில்தான் எனக்கு இன்னும் கனக்கிறது. பொய் சொல்கிறோம் என்றே தெரியாமல் பொய் எழுதுவதற்கு மூன்று வருஷம் பயிற்சி எடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

மே 20, மாலை

அவனைத் திட்டி எழுதியதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சயின்ஸ் படித்தவர்கள் எல்லோரும் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும். டைட்ரேஷனில், அதாவது பியூரெட் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறும்போது எத்தனை மி.லி. என்று பார்க்கும் சோதனையில், முதல் தடவை 9.8, இரண்டாவது 10.3, மூன்றாவது 10.1 வந்தால் நோட்டில் என்ன எழுதினோம்? மூன்றும் 10.2. சீனியர் ரெக்கார்டை வாங்கி, ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்து ஒரே ராத்திரியில் முப்பது பக்கம் இறக்கினோம். படம் வரைய ஒருத்தன், எழுத ஒருத்தன். சார் கையெழுத்துப் போட்டார்.

ஏன் 9.8 வந்தது என்று யாராவது கேட்டிருந்தால் அங்கேதான் படிப்பே ஆரம்பமாகியிருக்கும். பியூரெட்டில் காற்றுக் குமிழி இருந்ததா, நிறம் மாறியதைக் கவனிக்காமல் விட்டோமா, பிப்பெட்டைக் கழுவவில்லையா. தப்பான எண்ணிலிருந்து காரணத்துக்குப் போகிற பாதை அது. அதை அடைத்துவிட்டு மூன்றும் 10.2 என்று எழுதியவனுக்கு ஐந்து மார்க்.

மே 22

பரமக்குடியிலிருந்து ஒருவர் மறுத்து எழுதியிருக்கிறார். "இன்டர்வியூவில் கேட்பது இங்கிலீஷ். பேசத் தெரியாத பிள்ளையை வாசலோடு அனுப்பிவிடுகிறார்கள். முதலில் பேச்சு, அப்புறம்தான் மற்றது" என்கிறார்.

பாதி ஒத்துக்கொள்கிறேன். எங்கள் கரையோரப் பிள்ளைகள் வீட்டில் வாய் ஓயாமல் பேசுவார்கள், ஏலக் கூடத்தில் வியாபாரியை மடக்குவார்கள், ஆபீசருக்கு முன்னால் போனால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதை அவிழ்க்க வேண்டியது கல்லூரிதான். ஆனால் சாஃப்ட் ஸ்கில் கிளாஸ் அதை அவிழ்ப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. கை குலுக்குவது எப்படி, டை கட்டுவது எப்படி, "உன் பலவீனம் என்ன" என்று கேட்டால் எந்தப் பதிலை மனப்பாடமாகச் சொல்வது. இதுவும் இன்னொரு ரெக்கார்டு நோட்டுதான்.

பேச்சு வருவதற்குச் சொல்ல ஏதாவது கையில் இருக்க வேண்டும். தானே அளந்து, தானே பார்த்து, தானே போய் விசாரித்து வந்த பிள்ளையை மேடையில் ஏற்றுங்கள். இலக்கணம் முன்னே பின்னே இருந்தாலும் பேசிவிடுவான். வேறு யாரிடமும் இல்லாத செய்தி அவனிடம் இருக்கிறதே.

மே 23

அரசாங்கத்துக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990களிலேயே வாழ்க்கைத் திறன்கள் என்று பத்தைச் சொல்லிவிட்டது. தன்னை அறிவது, பிறர் நிலையில் நின்று பார்ப்பது, ஆராய்ந்து யோசிப்பது, முடிவெடுப்பது, மன அழுத்தத்தைத் தாங்குவது என்று போகும். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2019இல் ஜீவன் கௌஷல் என்று இளங்கலைக்கு ஒரு பாடத்திட்டமே போட்டது. நம் மாநிலத்தில் 2022 மார்ச்சில் "நான் முதல்வன்" என்ற திறன் பயிற்சித் திட்டம் வந்தது.

நான் முதல்வனில் படித்து நன்றாக வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும், குறை சொல்ல வரவில்லை. என் கவலை வேறு. "ஆராய்ந்து யோசித்தல்" என்று தனியாக ஒரு பாடம் வைத்து, அதற்கு நோட்ஸ் கொடுத்து, ஐந்து மார்க் கேள்வி கேட்டால் அதையும் மனப்பாடம் பண்ணிவிடுவார்கள். கெமிஸ்ட்ரி லேபில் 9.8 என்று எழுத விட்டாலே அந்தத் திறமை வந்துவிடும். தனி கிளாஸ் வேண்டாம்.

மே 25

கலாமை ஏன் இன்னும் யாரும் சொல்லவில்லை என்று ராமேஸ்வரத்து நண்பர் கேட்கிறார். பேக்கரும்பு மணிமண்டபத்தைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறாராம்.

சரி, சொல்கிறேன். "கனவு காணுங்கள்" என்பதை ஊரே சொல்லும். எனக்குப் பிடித்தது வேறொன்று. சென்னை எம்.ஐ.டி.யில் படிக்கும்போது, தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை நண்பர்களோடு சேர்ந்து வடிவமைக்கிற வேலை அவருக்கு. பேராசிரியர் சீனிவாசன் வந்து பார்த்துவிட்டு, "திருப்தியில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இவர் ஒரு மாதம் அவகாசம் கேட்டார். அவர் கொடுத்தது மூன்று நாள். முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்றும் சொன்னார். அக்கா ஜோஹரா நகையை அடகு வைத்துச் சேர்த்துவிட்ட படிப்பு அது. கலாம் தூக்கத்தை விட்டு உட்கார்ந்து முடித்தார்.

கண்டிப்பு நல்லது என்று சொல்ல வரவில்லை. அந்தப் பேராசிரியர் வரைபடத்தைக் குனிந்து பார்த்திருக்கிறார். எது போதவில்லை என்று சொல்லும் அளவுக்குப் பார்த்திருக்கிறார். இன்று பிள்ளைகளின் ப்ராஜெக்ட்டை யார் அப்படிப் பார்க்கிறார்கள்? ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டினால் ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது அந்த ப்ராஜெக்ட்டைப் பற்றித்தான். "இந்த அட்டவணையில் மூன்றாவது எண் எப்படி வந்தது?" முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கத்தை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். ஒருத்தி மட்டும், "சார், அது தப்பான எண். டைப் பண்ணும்போது மாறிவிட்டது, வைவாவில் நானே சொன்னேன்" என்றாள். அன்றே எடுத்துக்கொண்டோம்.

மே 26

அக்கா, உங்கள் மூத்த மகனைப் பற்றி நான் ஒன்றுமே சொல்லவில்லை என்று ராத்திரி படுத்தபோதுதான் நினைவு வந்தது.

கடலுக்குப் போகமாட்டேன் என்பதை நான் குறையாகப் பார்க்கவில்லை. நாம்தானே சின்ன வயதிலிருந்து "படிக்காவிட்டால் கடலுக்குத்தான் போகணும்" என்று மிரட்டி வளர்த்தோம்? கடலைத் தண்டனையாகக் காட்டிவிட்டு இப்போது போ என்றால் எப்படிப் போவான்?

ஆனால் ஒன்று கேளுங்கள். மெக்கானிக்கல் படித்தானே, அப்பாவுடைய படகின் எஞ்சினை ஒரு தடவையாவது பிரித்துப் பார்த்தானா? டீசல் எஞ்சின், கியர் பாக்ஸ், ஷாஃப்ட், புரொப்பல்லர். நாலு வருஷம் பாடப்புத்தகத்தில் இருந்ததெல்லாம் வீட்டு வாசலிலிருந்து நடக்கிற தூரத்தில் கிடக்கிறது. இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் போகாது. ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் என்று எங்கே பார்த்தாலும் படகைக் கரையேற்றி எஞ்சின் வேலையும் மராமத்தும் நடக்கிறது. வருஷத்தில் வேறு எப்போதும் இத்தனை எஞ்சின் திறந்து கிடக்காது. ஒரு நல்ல மெக்கானிக் பக்கத்தில் போய் நிற்கச் சொல்லுங்கள். சம்பளம் கேட்க வேண்டாம், சாவி எடுத்துக் கொடுக்கட்டும். எந்தப் படகு ஏன் அதிகம் டீசல் குடிக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதட்டும். அந்த நோட்டோடு எந்த இன்டர்வியூவுக்குப் போனாலும் அவனிடம் பேச விஷயம் இருக்கும்.

படித்தவன் எண்ணெய்க் கையோடு நிற்பதா என்று அவனுக்குக் கூச்சம் வரும். அந்தக் கூச்சத்தைப் போக்குவதும் உயர்கல்வியின் வேலைதான். போக்காமல் கூட்டிவிட்டு அனுப்புகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

மே 26, சேர்த்துக்கொள்வது

எங்கள் அப்பா கரையில் தெரியும் கோபுரத்தையும் ஒரு பனையையும் ஒரே கோட்டில் நிறுத்தி, வேறொரு பக்கம் இன்னொரு அடையாளத்தைப் பிடித்து, இரண்டு கோடும் சேரும் இடத்தில் வலை போடுவார். பள்ளிக்கூடத்து வடிவியல்தான் அது. வாடை, கொண்டல், கச்சான், சோளகம் என்று எந்தக் காற்றில் பெண்கடல் அடங்கியிருக்கும், எதில் ஆண்கடல் சீறும் என்று சொல்வார். வெளியூர்க்காரர்களுக்காக: பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல், மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல். நான் விலங்கியல் படித்த வருஷங்களில் ஒரு ஆசிரியர்கூட "உன் அப்பாவுக்கு என்ன தெரியும், கேட்டு எழுதிக்கொண்டு வா" என்று சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது அவர் இல்லை.

மே 28

சின்னக் குறிப்பு. பெண் பிள்ளைகளுக்கான புதுமைப்பெண் திட்டம் 2022இலும் ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் வந்த பிறகு, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளின் வங்கிக் கணக்கில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. ஏடிஎம் கார்டை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஆயிரத்தைப் பிள்ளையே செலவு பண்ணி, பஸ், ஜெராக்ஸ், சாப்பாடு என்று கணக்கு எழுதட்டும். மாசக் கடைசியில் காசில்லாமல் நிற்பதும் ஒரு படிப்பு.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொன்று. சாயல்குடியிலிருந்தோ தேவிபட்டினத்திலிருந்தோ தனியாக பஸ் ஏறி ராமநாதபுரம் வந்து, வேலையை முடித்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முன்னால் கணக்குப் பார்த்துத் திரும்புவது பெரிய திறமை. அதற்கு மார்க் இல்லை. எங்கள் கம்பெனியில் இக்கட்டான நேரத்தில் பதறாமல் நிற்பவர்கள் பெரும்பாலும் அப்படிப் பஸ்ஸில் வந்து படித்த பெண்கள்தான்.

மே 30

ஒரு மாணவர் கேட்டிருக்கிறார்: "அண்ணே, இப்போ அசைன்மென்ட்டெல்லாம் ஏஐ எழுதிக் கொடுத்துவிடுகிறது. பார்த்ததை எழுது என்கிறீர்கள். நான் பார்க்காததையும் அது நன்றாக எழுதுகிறதே?"

எழுதும் தம்பி. நானும் கம்பெனி மெயிலுக்குப் பயன்படுத்துகிறேன். ஆனால் இன்று காலை மண்டபத்தில் இறங்கிய நண்டில் எத்தனை சினை நண்டு என்று அதற்குத் தெரியாது. யாராவது கரையில் நின்று எண்ணி எழுதினால்தான் தெரியும். அந்த ஆளாக நீங்கள் இருங்கள். எண்ணி எழுதிய பிறகு நடையைச் சரிபண்ண அதைக் கேளுங்கள், தப்பில்லை.

ஜூன் 1

என் கருத்தையே மறுபடி யோசிக்க வைத்த ஒரு விஷயம். இவ்வளவும் கல்லூரி தர வேண்டும் என்று எழுதிக்கொண்டே போகிறேனே, கல்லூரி இல்லாமலே இது வராதா என்று மனைவி கேட்டாள்.

வரும். பாம்பன் சின்னப்பாலம் லட்சுமியைப் பாருங்கள். சின்ன வயதிலிருந்தே கடலில் முங்கிப் பாசி எடுத்தவர். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா ஆனது. பிறகு வனத்துறை கெடுபிடி கூடியதும், மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்ற கடற்பாசிகளை எடுக்கப் போன பெண்களுக்குப் பிழைப்பே சிக்கலானது. அந்தப் பெண்கள் வெறுமனே அழுதுகொண்டு நிற்கவில்லை. மாதத்தில் இத்தனை நாள்தான் போவோம், பாசி வளரும் காலத்தில் போகமாட்டோம் என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரிகளிடம் பேசினார்கள். அவர்களைத் திரட்டியதற்காக லட்சுமிக்கு 2015இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி பரிசு கிடைத்தது.

நான் சொன்ன மூன்றும் இதில் இருக்கிறது. தங்கள் கண்ணால் பார்த்தது, எதிரில் நின்று பேசியது, குறை சொன்னதைக் கேட்டுத் தங்கள் வழக்கத்தை மாற்றியது. எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அப்படியென்றால் கல்லூரி எதற்கு? இரண்டு நாளாக யோசித்தேன். எனக்குத் தோன்றுவது இதுதான். அவர் அந்த இடத்துக்கு வர எத்தனை வருஷம், எத்தனை அவமானம். நம் பிள்ளைகள் அத்தனை அடி வாங்காமலே அங்கே வர ஒரு பாதை வேண்டும், அதற்குத்தான் வரிப்பணத்தில் கல்லூரி நடக்கிறது. இன்னொன்று, பார்த்ததை ஊருக்கு வெளியே இருப்பவரும் சரிபார்க்கும்படி எழுதிவைக்க, தேதி, இடம், அளவு, முறை என்று ஒரு ஒழுங்கு வேண்டும். அது அனுபவத்தில் தானாக வருவது கஷ்டம். அதைக் கல்லூரிதான் தர முடியும்.

ஜூன் 1, பிறகு

மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1947இல் தொடங்கிய நிறுவனம். தலைமையகமே இங்கேதான் இருந்தது, 1971இல்தான் கொச்சிக்குப் போனது. கடல் விரால் குஞ்சை இந்தியாவில் முதன்முதலாகப் பொரிக்க வைத்தது 2010இல் இங்கேதான். அதன் மதில் சுவரை ஒட்டியே வளர்ந்து, உள்ளே ஒரு தடவைகூடப் போகாமல் விலங்கியல் முடித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். இதற்கு யாரைக் கேட்பது? பிள்ளையைக் கேட்க முடியாது. வாசலில் போய் "உள்ளே பார்க்கலாமா" என்று கேட்கும் தைரியத்தையும் ஒருவர் கூட நின்று பழக்க வேண்டும்.

ஜூன் 4

இந்த இழையைப் படித்துவிட்டு ஒரு கல்லூரி ஆசிரியை எழுதியிருக்கிறார். "குறை சொல்வது சுலபம். அறுபது பிள்ளைகள், ஒரு லேப், ரெண்டு மணி நேரம். நான் என்ன செய்ய?" என்கிறார். கோபம் நியாயமானது. அவர் நிலைமையில் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

டீச்சர், சிலபஸைத் தொட வேண்டாம், லேபும் வேண்டாம். கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் பத்துப் பேராவது இருப்பார்கள். ஆளுக்கு ஒரு தெர்மாமீட்டர். காலையில் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், கடல் தண்ணீரின் சூட்டைப் பார்த்து எழுதட்டும். உப்பளவும் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. நம் மாவட்டத்துக்கு மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான், அப்போது உப்பு இறங்குவதை அவர்களே பார்ப்பார்கள். காற்று எந்தப் பக்கம் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, அவர்கள் சொல்லும் பெயரிலேயே எழுதட்டும். போகாத நாளுக்குக் கட்டம் காலியாக இருக்கட்டும். காலிக் கட்டத்துக்கு மார்க் குறைக்காதீர்கள், அதை மட்டும் முதல் நாளே வகுப்பில் சொல்லிவிடுங்கள். பருவ முடிவில் தேவிபட்டினத்துப் பிள்ளையும் ஏர்வாடிப் பிள்ளையும் நோட்டை மாற்றிக்கொண்டு, எண் ஏன் வேறாக இருக்கிறது என்று வகுப்பில் நின்று வாதாடட்டும்.

உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் விலைக்கு வாங்க வேண்டாம். தொண்டிப் பக்கம் இறால் பண்ணை வைத்திருக்கும் தெரிந்தவரிடம் உபயோகிக்காமல் ஒன்று கிடக்கிறது, கேட்டு வைத்திருக்கிறேன். கல்லூரி திறந்ததும் எந்தக் கிழமை வரலாம் என்று எழுதுங்கள், நானே கொண்டுவந்து தருகிறேன்.